பதினொரு பக்கங்களில் அவருடைய ஒரு வரி

1997-ஆம் ஆண்டு குளிர்காலம். ஆக்லாந்தில் அந்த வருடம் மழை விட்டபாடில்லை. என் கணவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எல்லர்ஸ்லியில் இரண்டு அறை வாடகை வீட்டில் நானும் ஒன்பது வயது மகளும் மட்டும். ஒரு சனிக்கிழமை காலை நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அப்பாவின் முகம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் அவர் பேசுவது காதில் கேட்கவில்லை, மறந்துபோகிறது என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் சொல்லுவாள்.

மா ஒட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கும் அதுதான் நடந்துகொண்டிருந்தது, வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் சொன்ன வார்த்தைகள் ஞாபகம் இருந்தன. ஆனால் அதை நினைத்துப் பார்த்தால் என் குரலில்தான் கேட்டது. பதினோரு வருடம் ஒரே பாயில் படுத்த மனிதருடைய குரல் ஏழே மாதத்தில் கைநழுவிப் போகிறதே என்று எனக்கு என் மேலேயே கோபம்.

அன்றைக்கே வீட்டைப் புரட்டிப் போட்டேன். கல்யாண வீடியோ இருந்தது. முழுக்க மேளமும் நாதஸ்வரமும். அவர் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. தொலைபேசியில் பதிந்து வைத்திருந்த வரவேற்பு மகளுடைய மழலைக் குரல். மகளுடைய பிறந்தநாள் வீடியோவை இரவல் கமராவில் எடுத்தவரே அவர்தான், ஆகவே அதில் அவர் இல்லை. ஒரே ஒரு இடத்தில், கேக் வெட்டுவதற்கு முன்னால், கமராவுக்குப் பின்னால் "ம்ஹ்ம்" என்று தொண்டையைச் செருமுகிற சத்தம். ஆங்கிலத்தில் எதையும் சொல்லத் தொடங்குமுன் அவருக்கு அப்படி ஒரு செருமல் உண்டு. நாங்கள் இருவரும் அந்த "ம்ஹ்ம்"மைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். பத்தாவது தடவை மகள் எழும்பிப் போய்விட்டாள்.

அப்போதுதான் சமையலறைச் சுவரில் நான் கழற்றாமலே விட்டிருந்த போன வருடத்துக் கலண்டர் கண்ணில் பட்டது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு கட்டத்துக்குள் அவருடைய கையெழுத்தில் "கோர்ட், 10 மணி" என்று இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவர் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தார். டிசம்பரில் அங்கேயேதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்த வேலைக்கு இடையில், ஆங்கிலம் தெரியாத நம்மவர்களுக்கு ஆஸ்பத்திரியிலும் குடிவரவு அலுவலகத்திலும் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள், போவார். கோர்ட்டுக்குப் போனது ஒரே ஒரு தடவை. திரும்பி வந்தவரிடம் என்ன வழக்கு என்று துருவித் துருவிக் கேட்டேன்.

"இஞ்சரும், அது அந்த மனிசன்ர கதை. நான் வெளியில கதைக்கக்கூடாது" என்று வாயை மூடிக்கொண்டார். இரண்டு விஷயம் மட்டும் சொன்னார். ஒன்று, அங்கே பேசுவதெல்லாம் கசெட்டில் பதிவாகிறது. மற்றது, சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும், 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது.

"அப்ப கள்ளன் 'நான் களவெடுத்தனான்' எண்டு சொன்னால், நீங்களும் அப்பிடியே சொல்லுவியளோ?" என்று கேட்டேன்.

"ஓம், நான்தான் கள்ளன். சோத்தைப் போடும்" என்றார்.

அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தேன். ஒரு கசெட்டில் அவர் இருக்கிறார். ஒரு நாள் முழுக்கப் பேசியிருக்கிறார்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று கேளுங்கள். ஒரு பைலுக்குள் இறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், என் பிறப்புச் சான்றிதழ், மகளுடைய பிறப்புச் சான்றிதழ், எங்கள் எல்லாருடைய விசா, ஒவ்வொன்றிலும் மூன்று மூன்று பிரதி, அத்தனையிலும் அத்தாட்சிக் கையெழுத்து. கோர்ட் அலுவலகக் கவுண்டரில் இருந்தவர் ஒரு சமோவப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். நான் பைலைத் திறக்கத் திறக்க, அவர் ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பார்த்து, மரியாதையாகத் திருப்பித் தந்தார். அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. கேட்டது தேதி மட்டும். உள்ளே போய் அன்றைய வழக்குப் பட்டியலை எடுத்து வந்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்று குறித்திருந்தது ஒரே வழக்கு. அதன் எண்ணை ஒரு துண்டில் எழுதித் தந்து, ஒரு படிவத்தையும் நீட்டினார்.

பெயர், முகவரி, வழக்கு எண், என்ன பதிவு வேண்டும், எல்லாம் எழுதிவிட்டேன். கடைசியில் 'காரணம்' என்று போட்டு மூன்று கோடுகள்.

அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். சென்றியில், அதாவது ஆமியின் சோதனைச் சாவடியில், மறித்து எங்கே போகிறாய் என்று கேட்டால், நாங்கள் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, சீலை எடுக்கப் போனாலும் சரி, ஒரே பதில்தான்: "ஆஸ்பத்திரிக்கு." கேட்கிறவனுக்கு எந்தக் காரணம் பிடிக்குமோ அதைத்தான் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொன்னால் இன்னும் நாலு கேள்வி வரும். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம், பொலிஸ், தூதரகம் என்று எல்லா இடத்திலும் அதே பழக்கம். அது பொய் என்றே எங்களுக்குத் தோன்றுவதில்லை. அது ஒரு பாதுகாப்பு.

இதற்கெல்லாம் நீதிமன்றம் கசெட் தருமா? 'என் புருஷனுடைய குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது' என்று ஒரு அரசாங்கப் படிவத்தில் எழுத முடியுமா? சிரிக்க மாட்டார்களா? பிறகு என் நல்ல ஆங்கிலத்தில், 'காப்புறுதி தொடர்பான சட்டத் தேவைகளுக்காக' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெரிய கெட்டிக்காரி மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. எந்தச் சட்ட நடவடிக்கை, எந்தக் காப்புறுதி நிறுவனம், வழக்கறிஞர் யார் என்று கேட்டிருந்தார்கள். அவர் மூலமாக விண்ணப்பிக்கலாமாம். பிடித்துவிட்டார்கள். நீதிமன்றத்திடமே பொய் சொல்லியிருக்கிறேன். கடிதத்தை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தேன். ஏன் அரிசி வாளி என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் முக்கியமானதெல்லாம் அங்கேதான் போகும். ஒரு மாதம் கோர்ட் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கதவு தட்டினால் பொலிஸோ என்று பயம். மகளிடம் கசெட் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்; இடையில் இரண்டு தடவை அது வந்துவிட்டதா என்று கேட்டாள். வரும் என்றேன். அவளிடமும் பொய்.

கடைசியில் கடிதத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெருவில் இருந்த மலேசியத் தமிழ்ச் சிநேகிதி. என் வீட்டில் உரிமையோடு சமைக்கிறவர். சோறு சமைக்க அரிசி அள்ளப் போய்க் கடிதத்தை அள்ளிக்கொண்டு வந்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"ஏன்க்கா இப்படி எழுதுனீங்க? உள்ளத சொன்னா என்ன லா? இவங்க என்ன உங்கள கடிச்சா தின்னப் போறாங்க?"

"ஐயோ, உங்களுக்கு விளங்காது. ஆசையெண்டு எழுதினால் சிரிப்பினம்."

"சிரிக்கட்டுமே. சிரிச்சிட்டு கொடுப்பாங்க. வாங்க, நான் லீவு போட்டு கூட்டிட்டுப் போறேன்."

அவர் ஒரு சென்றியையும் கண்டதில்லை. அந்தத் துணிச்சல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் இருவரும் போனோம். நான் போனது கேட்க அல்ல. விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான்.

அதே சமோவப் பெண். என்னை ஞாபகம் வைத்திருந்தார், அந்தப் பைலை யார் மறப்பார்கள். நான் தட்டுத் தடுமாறி, காப்புறுதி என்று ஒன்றுமில்லை, தவறாக எழுதிவிட்டேன், கசெட் வேண்டாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சரி, அப்படியானால் உண்மையில் அது எதற்கு வேண்டும் என்று கேட்டார்.

சென்றியில் யாரும் இரண்டாம் தடவை அப்படி மெதுவாகக் கேட்டதில்லை. என்னை அறியாமல் வந்துவிட்டது. அதில் மொழிபெயர்த்தவர் என் கணவர். இறந்துவிட்டார். எங்களிடம் அவருடைய குரல் இல்லை. மகள் மறந்துகொண்டிருக்கிறாள். இவ்வளவுதான் சொன்னேன். பக்கத்தில் சிநேகிதி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அந்தப் பெண் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. இதோ கொண்டுவரப் போகிறார், கையில் வாங்கப் போகிறேன் என்று நினைத்து, வீட்டில் கசெட் பிளேயருக்கு பற்றரி இருக்கிறதா என்றுகூட யோசித்துவிட்டேன். திரும்பி வந்தவர் கவுண்டருக்குப் பின்னால் உட்காரவில்லை. கதவைத் திறந்துகொண்டு எங்கள் பக்கமாக வந்து, என் அருகில் மர வாங்கில் உட்கார்ந்தார்.

கசெட்டுகளை ஒரு வருடம் வைத்திருப்பார்களாம். அதன் பிறகு அழித்துவிட்டு வேறு வழக்குகளைப் பதிவார்களாம். அந்தக் கசெட்டை அழித்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

அவர் சொன்ன இன்னொரு வார்த்தை இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. குற்றம் சொல்லவில்லை பாவம், வருத்தப்பட்டுத்தான் சொன்னார். முதல் நாளே இதை எழுதியிருந்தால், அப்போதே போய் அந்தக் கசெட்டில் 'அழிக்க வேண்டாம்' என்று ஒரு சிவப்புத் துண்டை ஒட்டியிருப்பேன் என்றார்.

ஒரு சிவப்புத் துண்டு. நான் 'ஆஸ்பத்திரிக்கு' என்று சொல்லிப் பழகிய வாயால், கையால், அவருடைய குரலை நானே அழித்தேன். அந்த வாங்கில் இருந்து வாய்விட்டு அழுதேன். வழக்குக்கு வந்த ஆட்கள் எல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அழுது முடியும்வரை அந்தப் பெண் இருந்தார். பிறகு, அந்த வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனதால் சாட்சியம் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது, குரல் இல்லை, தாள் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். புதுப் படிவம் தந்தார். 'காரணம்' என்ற இடத்தைத் தன் விரலால் தொட்டுக் காட்டினார். நான் எழுதினேன்: 'என் மகளுக்கு அவளுடைய அப்பாவின் குரல் மறந்துபோகிறது.' மூன்று கோடு கொடுத்திருந்தார்கள். ஒன்று போதுமாக இருந்தது.

இரண்டு வாரத்தில் கூப்பிட்டார்கள். நீதிபதி 'அனுமதிக்கப்படுகிறது' என்று ஒற்றைச் சொல் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். பதினொரு பக்கங்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பிரித்தேன்.

முதலில் ஏமாற்றம்தான். அவருடைய பெயரே எங்கும் இல்லை. மேலே 'மொழிபெயர்ப்பாளர் மூலம்' என்று ஒரு வரி, அதோடு சரி. சாதாரண கார் விபத்து வழக்கு. சாட்சி நம்மவர் ஒருவர், பஸ் நிறுத்தத்தில் நின்றபோது விபத்தைப் பார்த்தவர். வழக்கறிஞரின் கேள்வி, சாட்சியின் பதில், எல்லாம் ஆங்கிலத்தில். அன்றைக்கு என் கணவர் பேசியதில் பாதி தமிழ். அந்தப் பாதியை யாரும் எழுதவில்லை, அது கசெட்டோடு போய்விட்டது.

ஆனால் மூன்றாம் பக்கம் வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. இந்த 'நான்' எல்லாம் அந்தச் சாட்சியுடையது என்றாலும், வார்த்தைகள் என் கணவருடையவை. 'அக்சுவலி, நான் டெய்ரிக் கடையில் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு வந்து நின்றேன்.' இந்த 'அக்சுவலி' யாருடையது என்று எனக்குத் தெரியாதா? தொழிற்சாலைக்கு லீவு சொல்லப் போன் எடுத்தால்கூட அக்சுவலி. பதினொரு பக்கத்தில் ஒன்பது இடத்தில் இருந்தது. தட்டச்சு செய்த புண்ணியவதி ஒன்றையும் விடவில்லை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த மனிதரை நெருக்குகிறார். அந்த நேரம் என்ன யோசித்துக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்கிறார். பதில், தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நான் என் மனைவியை யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் கொழும்பில் இருக்கிறாள். விசா வரவில்லை. நான் அவளைப் பார்த்து இரண்டு வருடம்.'

கண்ணீரில் எழுத்துகள் கலங்கின. எங்களுக்கும் அப்படித்தான். அவர் இங்கே முதலில் வந்து, எனக்கு விசா கிடைக்கும்வரை இரண்டு வருடம் தனியாக இருந்தார். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. வேறொரு மனிதருக்காக, ஒரு கோர்ட்டில் எழுந்து நின்று, 'நான் என் மனைவியை யோசித்துக்கொண்டு நின்றேன்' என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சோற்றைப் போடும் என்றிருக்கிறார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். மழையில் திரும்பி நடந்தேன், தாள்களை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு.

பின்னேரம் மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் உண்மையைச் சொன்னேன். கசெட் இல்லை, அம்மா பொய் எழுதினதால் போய்விட்டது என்று. அவள் தாள்களை இழுத்துவைத்து, சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். வழக்கறிஞரின் கேள்வியைத் தன் நியூசிலாந்து ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, அப்பா இதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று என்னைப் பார்த்தாள்.

நான் தொண்டையைச் செருமினேன். "ம்ஹ்ம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

எழுதப்படாமல் போன அந்தத் தமிழை நான் சொன்னேன். அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், கொஞ்சம் மூக்கால், ஒவ்வொரு சொல்லாக, பயந்தவரைப் பயமுறுத்தாமல்: "ஐயா, பயப்பிடாதேங்கோ. அவர் கேக்கிறார், அந்த நேரம் நீங்கள் என்ன யோசிச்சுக்கொண்டு நிண்டனீங்கள் எண்டு." பிறகு பதிலை அவருடைய ஆங்கிலத்தில் சொன்னேன். அக்சுவலி என்று தொடங்கினேன். மகள் துள்ளி எழுந்து, அதுதான், அப்படித்தான், அது அப்பாதான் என்று கத்தினாள். மனைவி, கொழும்பு, விசா, இரண்டு வருடம் என்பதுவரை சொன்னேன். அதற்கு மேல் சத்தம் வரவில்லை.

நான் நிறுத்தியதும் அவள் அடுத்த வரியைத் தேடி வாசித்தாள். அந்தப் பதினொரு பக்கத்தில் என் கணவர் தனக்காக, தன் வாயால் பேசியது அந்த ஒரு வரிதான். பஸ்ஸில் கண்ணீரில் நான் அதைத் தவறவிட்டிருந்தேன். 'மொழிபெயர்ப்பாளர்: மன்னிக்க வேண்டும் ஐயா, சாட்சிக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுக்க முடியுமா?'

மகள் அந்த வரியை ஒருமுறை வாசித்தாள். என்னைப் பார்த்தாள். தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய், குழாயைத் திறந்து, ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"குடியுங்கோ, அம்மா" என்றாள். தமிழில்.

அந்தத் தாள்கள் இன்றும் அரிசி வாளியில்தான் இருக்கின்றன, பிளாஸ்டிக் உறைக்குள். எந்தப் படிவத்தில் 'காரணம்' என்ற கோட்டைக் கண்டாலும் ஒட்டப்படாமல் போன அந்தச் சிவப்புத் துண்டு கண்முன் வருகிறது; உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கிறேன்.